செயலிகள் கரை ஒதுங்கிய ஊர்

சிப்பித்துறைக் கடற்கரையில் முதல் செயலி ஒதுங்கிக் கிடந்தது ஆனி மாதத்தில், கச்சான் என்கிற மேற்குக் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில். அதை முதலில் பார்த்தவர் மீன் ஏலம் விடுகிற தொம்மை. எந்தக் கப்பல்காரனோ தவறவிட்ட தலையணை என்று நினைத்து அவர் காலால் புரட்ட, நான்கு மூலையும் மழுங்கி, ஒரு முழ அகலத்தில், மஞ்சள் நிறத்தில், கன்றுக்குட்டியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்த அது கண் கூசும்படி வெளிச்சம் அடித்தது. அடித்து முடித்ததும், அவருக்குத் தெரிந்தவர்களின் போன் நம்பர்களையெல்லாம் தான் பார்த்துக்கொள்ளலாமா என்று பெண்குரலில் கேட்டது. தொம்மை மரியாதை தெரிந்த மனிதர். தன்னிடம் போன் கிடையாது, மகளிடம்தான் இருக்கிறது, அவள் தூத்துக்குடிக்குப் போயிருக்கிறாள் என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, இருள் பிரியுமுன் ஏலம் விட வசதியாக இருக்குமே என்று தூக்கிக்கொண்டு போய் ஏலக்கூடத்துத் தூணில் கட்டிவைத்தார்.

மறுநாள் பதினொன்று ஒதுங்கின. அவற்றில் எட்டு வெளிச்சம் அடித்தன, மூன்று ராசிபலன் சொல்லின. வெள்ளிக்கிழமை நாற்பது கிடந்தன. சனிக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் கூட்டத்தை விலக்கிப் பார்த்த சலேத்மேரி, பச்சையும் ஊதாவும் சிவப்புமாக மணலில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டாள். எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் ஐஸ் கம்பெனி மாடியில் உட்கார்ந்து அவள் கையால் ஆப் ஸ்டோரில் ஏற்றியவை.

ஐஸ் கம்பெனி மாடியில் ஜெபசிங்கின் கம்பெனி இருந்தது. அங்கே ஆறு பேர் வேலை பார்த்தார்கள், அவர்களில் கை வேகம் அதிகம் சலேத்மேரிக்கு. ஒரு செயலியைச் செய்து, அதன் நிறத்தை மாற்றி, பெயரை மாற்றி, முகப்புப் படத்தை மாற்றி, ஒன்றை முப்பதாக்கி, சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஸ்டோரில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஜெபசிங் கெட்ட மனிதரில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கொடுத்தவர், கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் கேக் வாங்கித் தருகிறவர். நம்ம பேர் ஸ்டோரில் நூறு தடவை வந்தால்தான் தேடுகிறவன் விரல் ஒன்றின் மேலாவது படும் என்பது அவர் கண்ட உண்மை.

செயலிகள் யாருடையவை என்று தெரிந்ததும் ஊருக்கு மனம் ஆறிவிட்டது. ஐஸ் கம்பெனிக் கழிவுத் தண்ணீரும் கடலுக்குத்தானே போகிறது, இதுவும் அப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள், அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இவற்றை வைத்து என்ன செய்வது என்பதுதான். ஆப் என்பதை ஆப்பு என்று ஆக்கிக்கொண்டு, ஆளுக்கு நாலு ஆப்பு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெளிச்சம் அடிப்பவற்றைப் படகின் முன்முனையான அணியத்தில் கட்டினார்கள். ராசிபலன் சொல்பவற்றை மீன்காரப் பெண்கள் சந்தையில் கூடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், அவை எல்லா ராசிக்கும் இன்று உங்களுக்கு நல்ல நாள் என்றே சொல்லிக்கொண்டிருந்ததில் முதல் வாரம் சந்தோஷமாகவும் இரண்டாம் வாரம் எரிச்சலாகவும் இருந்தது. கூட்டல் கழித்தல் செய்கிற ஒன்று, பெருக்கச் சொன்னால் சோப்பு விளம்பரம் பாடியது. நடந்த அடிகளை எண்ணுகிற ஒன்று, ஆள் கிடைக்காமல் அலைகளை எண்ணிக்கொண்டு கரையிலேயே கிடந்தது. எதற்கும் உதவாதவற்றை உட்காரும் பலகையாகப் போட்டார்கள், கோயில் வேலிக்கு முட்டுக் கொடுத்தார்கள், இரவில் ஆடுகள் அவற்றின் வெதுவெதுப்பில் சாய்ந்து படுத்தன. எல்லாமே, வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், வீட்டு வாசலில் இருந்தபடி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், உங்கள் பேச்சைக் கேட்கலாமா, உங்கள் படங்களைப் பார்க்கலாமா என்று ஓயாமல் கேட்டன. கேட்டு முடித்ததும் ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்றன. முதலில் பதில் சொன்ன ஊர், பிறகு பதில் சொல்லாமல் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டது.

ஆடி மாதக் கடைசியில் படகை இழுத்துக் கரையேற்ற இடமில்லை. ஊர்க் கமிட்டியார் மாடியேறிப் போய் ஜெபசிங்கிடம் பேச, அவர் எல்லோருக்கும் டீ வரவழைத்து, இனிமேல் ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். கமிட்டியாரும் அதை நல்ல முடிவு என்று ஏற்றுக்கொண்டு, செயலிகளை இரு பக்கமும் ஒதுக்கி, படகு போக ஒரு பாதை வெட்டிக்கொண்டார்கள்.

ஆவணியில் ஜெபசிங் மீன்பிடிக்கிறவர்களுக்கு ஏதாவது செய்வோம் என்றார். காற்றும் அலையும் சொல்கிற செயலி. சலேத்மேரி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்து டீ வருவதற்குள் அதைச் செய்து முடித்தாள். இலவசமாகக் கிடைத்த காற்று விவரம் ஒரு நாள் தாமதமாக வருவதை அவள் கவனித்தாள். ஜெபசிங்கிடம் சொல்லவும் செய்தாள். நேற்றைய காற்றுக்கும் இன்றைய காற்றுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கடற்கரையில் பிறந்த அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்தும் அவள் நிறத்தை மாற்றினாள், பெயரை மாற்றினாள், இருபத்தேழு ஆக்கி ஐந்து மணிக்கு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் இருபத்தேழும் ஒதுங்கின. அவற்றில் நீலமாக இருந்த ஒன்றை அவளுடைய அண்ணன் மிக்கேல்ராயன் தோளில் வைத்துக் கொண்டுவந்து படகில் கட்டினான். வானத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்லத் தெரிந்தவன்தான் அவன். ஆனாலும் தங்கச்சி செய்தது என்பதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. துறையில் யாராவது இன்றைக்கு எப்படி என்று கேட்டால், வானத்தைப் பார்க்காமல் அதைத் தட்டிக் கேட்டுச் சொல்வான்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, காற்று லேசு, கடலுக்குப் போகலாம் என்று நீலம் சொன்னது. போன மூன்றாம் மணி நேரத்தில் வாடைக் காற்று பிடுங்கிக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்றது, வலை போனது. நங்கூரக் கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்த்தபோது கயிறு சுற்றி மிக்கேல்ராயனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. இரண்டு நாள் கழித்து, கூடப் போனவர் படகை எப்படியோ ஓட்டி வேறொரு ஊர்க் கரையில் சேர்த்தார். அந்த வியாழக்கிழமை முழுக்க நீலம் அணியத்தில் இருந்தபடி காற்று லேசு என்று சொல்லிக்கொண்டே வந்ததாக அவர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்த அண்ணன், பார்க்க வந்த தங்கச்சியிடம் ஒரு கோபமும் இல்லாமல் பேசினான்.

“இருபத்தேழு கெடந்துச்சு, சலேத்து. நான்தான் அவசரத்துல ஆகாத ஒண்ணை எடுத்துட்டேன் போல.”

அவன் மனைவி பனிமயம் அவனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். சலேத்மேரி கட்டில் காலைப் பிடித்தபடி நின்றாள். சொல்லாமல் போய்விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சொல்லாமல் போனால் அவன் குணமாகித் திரும்பி வந்து, மிச்சமிருக்கிற இருபத்தாறில் நல்லதாக ஒன்றைத் தேடுவான் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“இருபத்தேழும் ஒண்ணுதாண்ணே,” என்றாள். “ஒரு மத்தியானத்துல செஞ்சேன். கலரை மட்டும் மாத்தினேன். அது சொல்றது நேத்தைக்கு அடிச்ச காத்து. எனக்குத் தெரியும்.”

பனிமயம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மிக்கேல்ராயன் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அப்போ அதுல நல்லது ஒண்ணுகூட இல்லியா?”

“இல்லண்ணே.”

“சரி,” என்றான். “அப்போ நல்லதா ஒண்ணு செய்யி.”

அவள் அடுத்த திங்கட்கிழமை மாடிக்குப் போய் வேலையை விட்டாள். வயிற்றுப்பாட்டுக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்துகொண்டு, தினமும் படகுகள் கரை பிடிக்கிற நேரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு துறையில் நின்றாள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கத்துக் காற்று, எவ்வளவு தூரத்தில் திரும்பியது, தண்ணீர் எந்தப் பக்கம் இழுத்தது என்று ஒவ்வொரு படகிலும் கேட்டு எழுதினாள். எழுதியதை வானிலைக்காரர்கள் அன்றைக்குச் சொன்னதோடு ஒப்பிட்டாள். எங்கே தவறுகிறது, எந்தக் காற்றில் எத்தனை மணி நேரம் முந்துகிறது என்று கண்டுபிடிக்க முதல் மூன்று மாதம் ஆனது. கேட்கப்போன முதல் நாட்களில், அண்ணன் விரலைத் தின்றது போதாதா என்று ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். அவள் அதற்கும் தலையாட்டிவிட்டு, நேற்று எந்தப் பக்கத்துக் காற்று அடித்தது என்று அவரிடமே மறுபடி கேட்டாள். பத்தாம் நாள் அவர் சொன்னார். மாசியில் ஒன்று செய்து அழித்தாள், சித்திரையில் ஒன்று செய்து அழித்தாள். மூன்றாவதை ஒரு மாதம் முழுக்கப் படகோட்டிகளிடம் காட்டி, எட்டு நாள் தவறிவிட்டது என்று அதையும் அழித்தாள். அந்தப் பத்து மாதத்தில் மாடியிலிருந்து ஏறிய செயலிகள் துறையில் ஒரு சின்னக் குன்றாகிவிட்டன. பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள்.

ஆடி மாதம் முழுக்க அவளுடைய நாலாவது செயலி ஒரே ஒரு நாள் மட்டும் தவறியது. அந்த ஒரு நாளும் காலையிலேயே, இன்று எனக்கு நிச்சயமில்லை, நீங்களே வானத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மிக்கேல்ராயன், இது போதும், ஏற்று என்றான். ஆவணி பிறந்ததும் அவள் ஸ்டோருக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது, இதே போன்ற செயலிகள் உங்கள் ஊரிலிருந்து ஏற்கெனவே இருபத்தேழு உள்ளன, இன்னொன்றை ஏற்க இயலாது என்று.

சலேத்மேரி அந்தப் பதிலை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் துறைக்குப் போனாள். முந்தின நாள்வரை லேசாக இருந்த கச்சான் காற்று அன்றைக்கு உச்சத்தில் இருந்தது, ஒரு படகும் இறங்கவில்லை. குன்றைக் கிளறி, வேலிகளில் தேடி, ஆட்டுக் கொட்டில்களில் புகுந்து, இருபத்தேழையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஈர உப்பு மூட்டை மாதிரி கனத்தன. முதல் இரண்டை ஐஸ் கம்பெனி மாடிக்குச் சுமந்து இறக்கிவிட்டு அவள் திரும்பியபோது, மூன்றாவதைத் தலையில் வைத்துக்கொண்டு பனிமயம் படியேறி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மிக்கேல்ராயன் நீலத்தை மூன்று விரல் கையால் அணைத்தபடி வந்தான், அதற்கும் பின்னால் வேலையில்லாமல் கரையில் இருந்த படகோட்டிகள் ஆளுக்கொன்றாக வந்தார்கள்.  ஜெபசிங்கின் மேசையைச் சுற்றி இருபத்தேழையும் அடுக்கி முடித்தபோது அறையில் நிற்க இடமில்லை.

சலேத்மேரி ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதலில் ஒன்று, பிறகு நான்கைந்து, பிறகு இருபத்தேழும் சேர்ந்து ஒரே பெண்குரலில், காற்று லேசு, கடலுக்குப் போகலாம், ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று சொல்லத் தொடங்கின. ஜன்னல் கண்ணாடியில் மணல் சரசரவென்று அடித்துக்கொண்டிருந்தது. வெளியே பனைமட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஜெபசிங் ஜன்னலைப் பார்த்தார், செயலிகளைப் பார்த்தார். ஓராண்டாக ஊரே கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரலை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கரைக்கு அவர் போவதில்லை. அவர் பார்த்ததெல்லாம் எத்தனை என்பதை மட்டும்தான்.

“இதையெல்லாம் ஸ்டோர்ல இருந்து எடுத்தா நம்ம எண்ணிக்கையில இருபத்தேழு குறைஞ்சிரும், மேரி,” என்றார் தாழ்ந்த குரலில்.

“குறையட்டும், சார்.”

“உன்னோடது வந்தா ஒண்ணுதான் கூடும்.”

“ஒண்ணு போதும், சார். எங்க துறையில இருந்து கடலுக்குப் போறது இவங்கதான். வேற யாரும் இல்ல.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாரையும் செய்யச் சொல்லாமல் தன் கையாலேயே ஒவ்வொன்றாக ஸ்டோரிலிருந்து நீக்கினார். ஒன்றை நீக்கும்போது ஒன்று பேச்சை நிறுத்திக் கலங்கி உப்புத் தண்ணீராகித் தரையில் ஓடியது. நீலம் மிக்கேல்ராயனின் கையிலேயே கரைந்து அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை நனைத்தது. இருபத்தேழாவது முடிந்தபோது படிக்கட்டில் தண்ணீர் இறங்கி ஐஸ் கம்பெனி வாசல்வரை போயிருந்தது. ஜெபசிங் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து தானே தள்ளினார். அதன்பிறகும் அவர் டார்ச்சும் ராசிபலனும் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார், துறையில் குன்று வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கடலைப் பற்றி மட்டும் அங்கிருந்து மறுபடி ஒன்றும் ஏறவில்லை.

அடுத்த வாரம் ஸ்டோர் அவளுடைய செயலியை ஏற்றுக்கொண்டது. மறுநாள் விடியலில் துறையில் கொடைத் திருவிழா மாதிரிக் கூட்டம். தொம்மை அதற்கென்று ஒரு வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். கோயில் சாமியாரும் பூசை முடித்து வந்து நின்றார். ஜெபசிங்கினுடையவை நாற்பத்தெட்டு ஒதுங்கின. அவளுடையது வரவில்லை. மறுநாளும் வரவில்லை, ஐந்தாம் நாள் துணியைத் தொம்மை மடித்து எடுத்துக்கொண்டு போனார். எதையும் ஒதுங்கவைக்கிற கடல் இதை மட்டும் விழுங்கிவிட்டது என்றார்கள் சிலர்.  சலேத்மேரி சாயங்காலம் வழக்கம்போல நோட்டுப் புத்தகத்தோடு துறைக்குப் போய் அன்றைய காற்றைக் கேட்டு எழுதினாள்.

எட்டாம் நாள், இடது கையால் சுக்கான் பிடிக்கப் பழகியிருந்த மிக்கேல்ராயன் கடலிலிருந்து வந்ததும் நேராக ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். பன்னிரண்டு கடல்மைல் வெளியே அதைப் பார்த்ததாகச் சொன்னான். சாம்பல் நிறம், அளவும் சின்னது, மற்றவை மாதிரி மல்லாந்து மிதக்காமல் செங்குத்தாக நின்றபடி தண்ணீரின் இழுப்பை எதிர்த்துத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை, அதுபாட்டுக்குப் போனது என்றான். சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் இல்லாததை அவள் கவனித்தாள்.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள், பத்து மணி பேருந்திலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நாற்பது வயது இருக்கும். குமரிமுனைக்கு அப்பால் மேற்குக் கரையில் புதுக்கல்துறை என்ற ஊரிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்திருந்தாள், பெயர் கார்மேலி, மீன் விற்கிறவள். இடுப்பில் ஈரத்துண்டில் சுற்றிப் பிள்ளையைப் போல எதையோ இடுக்கியிருந்தாள். காற்றுச் செயலி செய்த பெண் எங்கே என்று கேட்டு, கடைக்கு வந்து, துண்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். சாம்பல் நிறச் செயலி அது. பத்து நாளுக்கு முன்னால் எங்கள் கரைக்கு வந்தது, ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை, காற்றை மட்டும் சொன்னது, இரண்டு தடவை எங்கள் ஆட்களைக் கடலுக்குப் போகாமல் நிறுத்தியது, இரண்டு தடவையும் அது சொன்னதே சரி என்றாள். கடைக்காரர் அவளுக்கு நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

“நான் பாராட்ட வரல்ல,” என்றாள். “இதுக்கு மூணு நட்சத்திரந்தான் குடுப்பேன். அதை ஒங்க முகத்தப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன்.”

“சொல்லுங்க,” என்றாள் சலேத்மேரி.

“ஒங்க ஊர்ல கடல் கெழக்க கெடக்கு. மேக்காத்து அடிச்சா அது கரையில இருந்து வரும், அலை படுத்துக்கிடும். இது அதைத்தான் சொல்லுது, மேற்குக் காற்று, கரைக்காற்று, கரையோரம் அலை குறைவுன்னு. எங்களுக்குக் கடலே மேக்கதான். அந்தக் காத்து எங்களுக்குக் கடல்ல இருந்து வருது. போன சனிக்கிழமை எங்க வீட்டுக்காரர் இதைக் கேட்டு வள்ளத்தை எறக்கப் போனார். நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு விடல்ல.”

 பத்து மாதம் கேட்டு எழுதியதில் ஒரு தடவைகூட, கடல் வேறு பக்கம் இருக்கிற ஊர் ஒன்று உண்டு என்று சலேத்மேரிக்குத் தோன்றவில்லை. ஜெபசிங்கிடம் டீ குடித்த நாட்களில் இப்படி ஒரு குறை வந்திருந்தால் ஒரு நிறத்தை மாற்றி இருபத்தெட்டாவதாக ஏற்றியிருப்பாள். அவள் எதிரே நிற்கிறவளின் உள்ளங்கைகளைப் பார்த்தாள், கயிறு உரசிய கோடுகள் இன்னும் சிவப்பாக இருந்தன.

“இதை நிறுத்திட்டு வேற எதையாச்சும் பாத்துக்கலாம்ல நீங்க. ஸ்டோர்ல நெறைய இருக்கே,” என்றாள் மெல்ல.

“நெறைய இருக்கு. எல்லாத்தையும் பாத்தாச்சு,” என்றாள் கார்மேலி. “எங்க கரைக்கு வந்தது இது ஒண்ணுதான். எழுபது வள்ளம் இதைத்தான் கேக்குது. அதனாலதான் இது தப்பாச் சொல்லப்பிடாது.”

சலேத்மேரி ஜெராக்ஸ் மிஷினை அணைத்தாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எழுதாத பக்கம் வரைக்கும் புரட்டி, மேலே புதுக்கல்துறை என்று எழுதினாள். பிறகு கார்மேலி உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, ஒங்க ஊர்ல வெடியக்காலம் எந்தப் பக்கத்துக் காத்து அடிக்கும்க்கா என்று கேட்டாள்.